பேரப்பிள்ளைகளைத் தட்டுப் போடப் பழக்குவது

எங்கள் அப்பா கோண்டாவிலில் லவுட்ஸ்பீக்கர் செற் வாடகைக்கு விட்டவர். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று எதுவானாலும் அவருடைய இரண்டு குழாய்களும் ஒரு பெட்டி தட்டுகளும் போகும். அதனால் எங்கள் வீட்டில் இசைத்தட்டு தொழில் சாமான். பிள்ளைகள் கை வைக்க முதல் அனுமதி வாங்க வேண்டும். அவற்றில் மிஞ்சியவை இப்போது என்னிடம் இருக்கின்றன. வீட்டில் 4 வயதுப் பேத்தியும் 7 வயதுப் பேரனும் இருக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்து இன்னொரு பேத்தியும் வந்து சேருவாள். மூன்று பேரும் இன்றைக்கு அப்பாவின் தட்டுகளைப் போடுகிறார்கள். எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடைய பழைய நினைவைப் பிள்ளைக்கு ஊட்ட முடியாது. "எங்கட காலத்தில..." என்று நான் தொடங்கினால், வசனம் முடிய முதல் இரண்டும் முற்றத்தில் நிற்கும். பிள்ளைக்குத் தேவை வேலை. நல்லவேளையாக இசைத்தட்டில் கைவேலைக்குக் குறைவில்லை. உறையிலிருந்து எடுக்க வேண்டும், தூசி துடைக்க வேண்டும், ஊசியை இறக்க வேண்டும், ஒரு பக்கம் முடிந்ததும் ஓடிப்போய்ப் புரட்டிப் போட வேண்டும். போனில் பாட்டுக் கேட்கிற பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஆகவே வேலையை அவர்கள் கையில் கொடுங்கள், கதையை உங்கள் வாய்க்குள் வைத்திருங்கள். கேட்கிற நாள் வரும்.

பிளேயர் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் றேடியோவும் தட்டுப் பிளேயரும் ஒரே பெட்டியில் இருக்கிற பழைய றேடியோகிராம் கிடந்தால், ஆசையில் உடனே பிளக்கைச் செருகிப் பார்க்காதீர்கள். பல வருடம் மின்சாரம் காணாத வால்வு செற்றில் கப்பாசிற்றர்கள் கெட்டுப்போயிருக்கும். புகை வரும், சில வேளை நெருப்பே வரும். முதலில் றேடியோ திருத்துகிற ஒருவரிடம் காட்டுங்கள். அவர் திறந்து பார்த்தால் றப்பர் பெல்ட் உருகிப் பிசினாகியிருக்கும், அல்லது றப்பர்ச் சில்லு இறுகிக் கல்லாகியிருக்கும். இரண்டும் மாற்றக்கூடியவை. வால்வு நன்றாகச் சுடும், உள்ளே மின்சாரமும் கூட. அதனால் அதன் பின் பலகை கழன்று கிடக்க, பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து பிளேயர் அனுப்புகிறோம் என்று சொந்தக்காரர் சொன்னால், எந்த நாடு என்று கேளுங்கள். லண்டன், ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் என்றால் கவலையில்லை, பிளக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் சரி. கனடா என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் போட்டு வோல்ட்டைக் குறைக்கலாம். ஹேர்ட்ஸை அது மாற்றாது. பழைய பிளேயர்கள் பலவற்றின் மோட்டார் ஹேர்ட்ஸைப் பின்பற்றித்தான் சுற்றும். அப்படியான ஒன்று இங்கே நிமிடத்துக்கு 33 தரம் சுற்ற வேண்டிய இடத்தில் 28 தரம்கூடச் சுற்றாது. பாடகி தூக்கக் கலக்கத்தில் பாடுகிறார் என்று நினைப்பீர்கள். சின்ன அடப்டரில் ஓடுகிற புதுப் பிளேயர் என்றால், அந்த அடப்டரில் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் எந்த நாட்டிலிருந்தும் வரலாம்.

சூட்கேஸ் மாதிரி மூடி வைக்கிற சின்னப் பிளேயர்களைப் பெரிய ரசிகர்கள் திட்டுவார்கள். அதற்குக் காரணமும் உண்டு. நல்ல பிளேயரில் ஊசி 2 கிராம் அளவில் அமரும். இவை பலவற்றில் 5 கிராம் வரை அழுத்தும், அதனால் தட்டு கெதியாகத் தேயும். ஆனாலும் 4 வயதுப் பிள்ளைக்கு என் தெரிவு அதுதான். பாரமில்லை, ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறது, அதிகம் சத்தமும் போடாது. உங்கள் நல்ல தட்டுகளை மட்டும் அதில் போடாதீர்கள்.

தட்டில் மூன்று வேகம் உண்டு: நிமிடத்துக்கு 78, 45, 33 சுற்று. பழைய 78 தட்டுகள் அரக்கில் செய்தவை. பூச்சி தருகிற அரக்குத்தான். இதைச் சொன்னதும் பேரன் தட்டை மணந்து பார்த்தான். கையிலிருந்து நழுவினால் சல்லி சல்லியாக உடையும். 33 வேக எல்பி 1948இல் அமெரிக்காவில் வந்தது, 45 அதற்கு அடுத்த வருடம். இவை வைனில் பிளாஸ்டிக், விழுந்தாலும் லேசில் உடையாது. ஆகவே சின்னக் கைக்கு 45தான் முதல் தட்டு. சின்னச் சாப்பாட்டுக் கோப்பை அளவுதான், ஒரு பக்கம் 3, 4 நிமிடத்தில் முடிந்துவிடும். 4 வயதின் பொறுமையும் அவ்வளவுதான். எல்பியை அவர்களாகக் கேட்கும் வரைக்கும் வெளியே எடுக்காதீர்கள். 78 தட்டுக்கு ஊசியே வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் கோடு எல்பியின் கோட்டைப் போல மூன்று மடங்குக்குக் கிட்ட அகலம். 78இன் ஊசியை எல்பியில் வைத்தால் அந்த எல்பியை மறந்துவிட வேண்டியதுதான்.

என்ன பாட்டு? இதில் பெரியவர்கள் தங்கள் ரசனையைத் திணிக்கப் பார்ப்பார்கள். எனக்குக் கே. பி. சுந்தராம்பாள் உயிர், ஆனால் பேத்தி அதற்கு ஆடமாட்டாள். எங்கள் பொப்பிசைக்காரர்கள் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் பாடியவை கிடைத்தால் விடாதீர்கள். பைலா என்ற அந்தத் துள்ளல் தாளம் கேட்டால் எந்தப் பிள்ளையும் இருந்த இடத்தில் இராது. படத்தின் கதை வசனம் வந்த தட்டுகளும் நல்லவை. அப்பா திருவிழா இரவுகளில் அவற்றைப் போட, சனம் வெளி வீதி மணலில் இருந்து கேட்கும். பேரனுக்கு ராசா கோபத்தில் கத்துகிற இடம் மனப்பாடம். தாய் சோறு தீத்த வரும்போது அதையே திருப்பிக் கத்துகிறான். நாதஸ்வரத்தையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் கோயிலில் மேளம் கேட்டு வளருகிறவை, அது அவர்களுக்குப் புதிய சத்தமல்ல. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி 78 தட்டில் வந்தது. சாமம் முழுக்க வாசிக்கக்கூடிய ராகத்தைச் சில நிமிடங்களுக்குள் அவர் எப்படி அடக்கினார் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். பேரனின் கேள்வி வேறு: "தவில்காரர் எங்க இருக்கிறார், உள்ளுக்கோ?"

அவன் கேட்டது நல்ல கேள்வி. அங்கிருந்துதான் உண்மையான விளையாட்டுத் தொடங்குகிறது.

ஒரு தட்டை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, இதில் எத்தனை கோடு என்று கேளுங்கள். நூறு, ஆயிரம், கோடி என்று ஏலம் போகும். விடை ஒன்று. விளிம்பில் தொடங்கி நடுவுக்குச் சுற்றிச் சுற்றிப் போகிற ஒரே கோடு. எல்பியின் ஒரு பக்கத்துக் கோட்டை நிமிர்த்தி நீட்டினால் அரைக் கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். எங்கள் படலையிலிருந்து சந்திக் கடைக்குப் போகும் தூரம் அவ்வளவு இருக்கும். அதைப் பிள்ளைகளோடு நடந்து காட்டிவிட்டு, கடையில் ஐஸ் பழமும் வாங்கிக் கொடுத்தேன். பெரிதாக்கும் கண்ணாடி இருந்தால் கோட்டைப் பார்க்கக் கொடுங்கள். சத்தமான இடத்தில் கோடு நெளிந்து தெரியும்.

பிறகு ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, தட்டைச் சுற்றவிட்டுக் காதை ஊசிக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஊசியே பாடும். மிக மெல்லிய சத்தம், ஆனால் பாட்டு விளங்கும். அதற்கு அடுத்தது கடதாசிக் குழாய். கொப்பித் தாள் ஒன்றைக் கூம்பாகச் சுருட்டி, கூர் முனையில் தையல் ஊசி ஒன்றைக் குத்தி ஒட்டுங்கள். உதவாத தட்டு ஒன்றைச் சுற்றவிட்டு, கூம்பை மெல்லப் பிடித்து ஊசியைக் கோட்டில் தொட வையுங்கள். கரண்ட் இல்லாமல், வயர் இல்லாமல் பாட்டு வரும். 78 தட்டில் இது மிகத் தெளிவாகக் கேட்கும். அந்தத் தட்டைப் பிறகு நல்ல ஊசியில் போட முடியாது, ஆகவே கீறல் விழுந்த ஒன்றையே எடுங்கள். தையல் ஊசியைக் குத்தி ஒட்டுவது உங்கள் கை. கூம்பைப் பிடிப்பது பிள்ளையின் கை. எடிசன் 1877இல் செய்த இயந்திரமும், தட்டைக் கண்டுபிடித்த பேர்லினரின் கிராமபோனும் இதே வேலையைத்தான் செய்தன என்பதை ஒரு வசனத்தில் சொல்லுங்கள். இரண்டாவது வசனம் கூடாது.

எண்ணப் பழகுகிற வயது என்றால், தட்டின் விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி அரை நிமிடத்துக்கு எத்தனை தரம் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 33இல் 16, 17 வரும். 45இல் 22, 23. அப்பாவும் செற்றைப் பூட்டியதும் இப்படித்தான் வேகம் பார்ப்பார். எண்ணி முடிந்ததும் 33 தட்டை 45இல் ஓடவிட்டுக் காட்டுங்கள். வீடே சிரிக்கும். தட்டுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

எச். எம். வி. தட்டுகளின் லேபிளில் இருக்கும் நாயையும் காட்ட வேண்டும். அதன் பெயர் நிப்பர். பிரான்சிஸ் பரோட் என்ற ஓவியர் வரைந்தது. முதலில் எடிசனின் உருளைப் பெட்டியை நாய் கேட்பதாகத்தான் வரைந்திருந்தார். 1899இல் கிராமபோன் கம்பனி படத்தை வாங்கியபோது, பெட்டியை அழித்துக் கிராமபோனை வரைந்து கொடுத்தார். எங்கள் தட்டுகள் பல கல்கத்தாவுக்குக் கிட்ட டம் டம் என்ற ஊர்த் தொழிற்சாலையில் செய்தவை. பேத்திக்குத் தட்டு எங்கே செய்தது என்று கேட்டால் போதும், "டம் டம்" என்று மேசையில் அடித்துக் காட்டுவாள்.

பிடிக்கிற முறை முக்கியம். இரண்டு உள்ளங்கைகளும் விளிம்பில், விரல் முகத்தில் படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் கோட்டுக்குள் போனால் தூசி அங்கேயே குந்தும். எங்கள் வீட்டில் கை கழுவாமல் தட்டைத் தொடுவதில்லை. மாம்பழக் காலத்தில் இரண்டு தரம் கழுவ வேண்டும். 4 வயதுக்காரி தட்டை உறையிலிருந்து எடுத்துத் தருவாள், முடிந்ததும் திரும்ப வைப்பாள். 7 வயதுக்காரன் ஊசியை இறக்குவான். ஊசி பூட்டிய கையைத் தூக்கி இறக்கும் சின்ன நெம்பு உள்ள பிளேயர் என்றால் பயமில்லை. இல்லையென்றால் உதவாத தட்டில் பழகட்டும். அவனுடைய கைக்கு மேல் உங்கள் கையை வைத்துச் சில தரம் செய்தால் பாரம் பிடிபட்டுவிடும். கீறல் விழும், கட்டாயம் விழும். விழுந்தால் உங்களுக்கு நெஞ்சு நோகிற தட்டு எதுவோ, அதை அலுமாரியிலேயே வைத்திருங்கள். கொடுத்த தட்டுக்குப் பேசக்கூடாது.

சாவி கொடுக்கிற கிராமபோன் வைத்திருக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் இரும்பு ஊசிகளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். அவை மிகச் சின்னவை, வாய்க்குள் போகக்கூடியவை. மூடி இறுக்கமான ரின்னில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அறிவிப்பாளர் விளையாட்டு. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைக் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்றால் எங்கள் வயதுக்காரருக்கு முகம் தெரியாமலே குரல் தெரியும். அந்தக் குரல்களுக்குப் பின்னால் சுற்றியதும் தட்டுத்தான். நேயர் விருப்பம் என்றால் பாட்டுக்கு முன்னால் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஊர், பெயர், குடும்பத்தார் பெயர் என்று ஒரு வரிசை. தன் பெயர் வருமென்று ஒரு வீடே றேடியோவைச் சுற்றி இருக்கும்.

அதை வீட்டில் செய்யுங்கள். ஒரு சப்பாத்துப் பெட்டியில் வாய் வெட்டித் தபால் பெட்டியாக்குங்கள். யாருக்கு என்ன பாட்டு வேண்டுமோ ஒரு துண்டில் எழுதிப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் படம் கீறலாம். பேத்தி நாய் கீறினால் நிப்பர் தட்டு எதுவும் சரி என்று அர்த்தம். சனிக்கிழமை பின்னேரம் பெட்டி திறக்கப்படும். அறிவிப்பாளர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பெயர்களை வாசிப்பார். எங்கள் அறிவிப்பாளரின் அறிவிப்பு ஒன்று இது: "அடுத்து வருவது மிக மிக நல்ல பாடல். விரும்பிக் கேட்டவர்கள் கோண்டாவிலிலிருந்து அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு மாமா, அவரின்ர ஆடு." ரொறன்ரோக்காரிக்குத் தமிழ் எழுத வராது. தன் பெயரைக் கரண்டிக்காரன் வாசிக்க வேண்டுமென்ற ஆசையில் அந்த விடுமுறையில் ஊர், பெயர், அம்மப்பா, அம்மம்மா எல்லாவற்றையும் தமிழில் எழுதப் பழகிவிட்டாள். திரும்பிப் போன பிறகும் துண்டுகளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். பேரன் அவற்றைப் பார்த்து எழுதிப் பெட்டிக்குள் போடுகிறான்.

கொஞ்சம் பழகியதும் அப்பாவின் வித்தையைச் சொல்லிக் கொடுக்கலாம். ஊசியைப் பாட்டின் முதல் சத்தத்தில் வைத்து நிறுத்தி, தட்டைக் கையால் அரைச் சுற்றுப் பின்னுக்குத் திருப்பி வைக்க வேண்டும். கதைத்து முடிக்கிற நேரம் பார்த்துத் தட்டை விட்டால், கடைசிச் சொல்லின் வால் பிடித்துப் பாட்டுத் தொடங்கும். வானொலியிலும் இந்த வித்தை உண்டு. பிள்ளைகளுக்கு இன்னும் லேசான வழி, ஊசியை விளிம்பில் இறக்கிவிட்டு, பாட்டு வர முதல் வரும் சில வினாடிக் கரகரப்புக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பது. முடிக்காவிட்டால் பாடகர் குறுக்கே வந்துவிடுவார்.

துடைப்பது, அடுக்குவது என்பவற்றை எங்கள் ஊருக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் செம்மண் தூசி யன்னலால் வந்து எல்லாவற்றிலும் படியும். பிளேயரின் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். ஊத்தையான தட்டைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவக் கூடாது. எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளை கோட்டுக்குள்ளும் படியும். பற்றறிக்கு விடும் சுத்தத் தண்ணீரை வாங்குங்கள். அசிட் அல்ல, வெறும் தண்ணீர் என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் ஒரு துளி பேபி ஷாம்பு விட்டு, பழைய பருத்தி வேட்டித் துண்டால் கோடு போகிற பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் இன்னொரு தரம். லேபிள் நனையக்கூடாது. நிழலில் நிமிர்த்தி வைத்தால் காய்ந்துவிடும். மாமி ஒருவர் தட்டுகளை வெயிலில், பனங்கிழங்கு ஒடியல் காய வைக்கிற பாயில் பரப்பிய கதை எங்கள் குடும்பத்தில் உண்டு; எல்லாம் கிண்ணமாகிவிட்டன. 78 தட்டில் பார்மசி ஸ்பிரிட் படவே கூடாது, அரக்குக் கரையும். அடுக்கும்போது புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். மாரியில் உறைகளில் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், இடைக்கிடை திறந்து விடுங்கள்.

ஒரு நாள் அந்தக் கேள்வி வரும். எங்கள் வீட்டில், உறையில்லாத, விளிம்பு உடைந்த ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "இதை ஆர் உடைச்சது?" என்று பேரன் கேட்டான். போரினால் 1990க்குப் பிறகு பல வருடம் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இருக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அப்பா தட்டுகளைச் சாக்கில் சுற்றிக் கிணற்றடி அறையில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது பாதி நொறுங்கியிருந்தது. அவனுக்குச் சொன்னது அவ்வளவுதான். அவன் அதிகம் பிடித்துக்கொண்டது சைக்கிளைத்தான், தன் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்க்கப் போய்விட்டான். 7 வயதுக்கு அந்த அளவு போதும். மிச்சத்தை 10 வயதில் கேட்பான்.

கடைசியாக ஊசி. வைர ஊசி பொதுவாக 500 தொடக்கம் 1000 மணித்தியாலம் வரை உழைக்கும். மலிவான பிளேயர்களில் வருவது பெரும்பாலும் செயற்கை மாணிக்கக் கல், அது அதைவிடக் கெதியாகத் தேயும். தேய்ந்த ஊசி தட்டைச் சுரண்டும். "ச" சத்தமெல்லாம் "ஷ்" என்று தெறித்துக் கேட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஊசி தாங்கியின் மேல் மொடல் இலக்கம் இருக்கும். அதைப் படம் எடுத்து வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பி வையுங்கள், அடுத்த முறை வரும்போது சொக்லேற் பெட்டிக்குப் பதிலாக இதைக் கொண்டு வரச் சொல்லி. இரண்டாக வாங்கச் சொல்லுங்கள். ஒன்றைப் பிள்ளைகள் எப்படியும் வளைத்துவிடுவார்கள்.